வெறுமையாகத் திரும்பாத ஜாடி

ஜாடி செவ்வாய்க்கிழமை காலை திரும்பி வந்தது. அதற்குள் சர்க்கரை இருந்தது.

தருலதாபென் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு கைப்பிடி இருக்கும். வெள்ளையான, நல்ல சர்க்கரை. ஜாடியைக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் போட்டிருந்தார்கள். ஒரு கட்டிகூட இல்லை.

கணவர் கிரீட்பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"வெறும் ஜாடி வந்துச்சுன்னுதானே அந்தம்மா புகார் குடுத்தாங்க?"

"ஆமா."

"வெறும் ஜாடிக்கு எவளாவது சர்க்கரை போட்டு அனுப்புவாளா?"

குஜராத்தில், அவர்கள் ஊரான நடியாத்தில், இந்தக் கேள்விக்குப் பதிலே தேவையில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் ஏதாவது வந்தால், கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போகாது. கொடுக்க ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சர்க்கரை. நிரம்பி வந்த பாத்திரத்துக்குத்தான் அந்த மரியாதை. வடோதராவிலும் அப்படித்தான். அங்கே சுபத்ராபென் அமீன் என்ற அம்மாள் தருலதாபென்னிடம் வாங்கிய சுந்தோ என்ற இனிப்பு மாங்காய் ஊறுகாயைத் தின்று முடித்திருக்கிறாள். ஜாடி காலியாக வந்தது என்று எழுதிப் பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறாள். பிறகு ஜாடியைத் திருப்பி அனுப்பச் சொன்னபோது, கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போயிருக்கிறது. வாய் பொய் சொல்லிவிட்டது. கைக்கு அது வரவில்லை.

தருலதாபென் மூடியைத் திருகி மூடினாள். பல நாளுக்குப் பிறகு அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அதுதான் அவள் செய்த தவறு.

கிரீட்பாய் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். கண் மங்கியபின் வீட்டை ஓட்டியது சுந்தோ. மாங்காயைத் துருவி, சர்க்கரையும் மிளகாய்த்தூளும் கலந்து, பாத்திரத்தின் வாயைத் துணியால் கட்டி மொட்டை மாடியில் வைத்தால், சமைக்கிற வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். விற்கிற வேலையை 'லேவேச்' என்ற இணையச் சந்தை பார்த்துக்கொண்டது. அவளிடம் வாங்குகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

லேவேச்சில் 'விற்பனையாளர் பாதுகாப்புப் பிரிவு' என்று ஒன்று இருந்தது. மோசடிக்காரர்களிடமிருந்தும் வம்புக்கார வாடிக்கையாளர்களிடமிருந்தும் விற்பவர்களைக் காப்பது அதன் வேலை. காக்கும்போது அது விற்பவரின் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். மூன்று புள்ளி விழுந்தால் கடையை மூடிவிடுவார்கள். தருலதாபென்னை ஏற்கெனவே இரண்டு முறை காப்பாற்றியிருந்தார்கள்.

முதல் முறை, சென்னையிலிருந்து ஒருவர் ஊறுகாய் இனிக்கிறது என்று புகார் செய்தார். பிரிவு விசாரித்தது. இனிப்பது உண்மை என்று கண்டறிந்தது. ஒரு புள்ளி.

இரண்டாம் முறை, சூரத்திலிருந்து ஒருவன் கல்யாண வீட்டுக்கு என்று ஒரு பெட்டி நிறைய ஜாடி கேட்டான். பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லிக் கைப்பேசித் திரையின் படமும் அனுப்பினான். படத்தில் பச்சை நிறத்தில் சரி என்ற குறி இருந்தது. அவள் பெட்டியை அனுப்பினாள். பணம் வரவில்லை. படம் அவனே செய்தது. புகார் கொடுத்தாள். பிரிவு படத்தை ஆராய்ந்து, தெளிவாக இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லை, சந்தேகப்பட முகாந்திரம் இல்லை என்று எழுதியது. மேலும், மோசடிக்காரர்களைக் கவரும் விற்பனையாளர்களால் சந்தைக்கு ஆபத்து. ஒரு புள்ளி.

அந்த முறை பிரிவின் தலைவர் ஹர்ஷவதன் தலால் தானே தொலைபேசியில் பேசினார். குரலில் அக்கறை இருந்தது. இனி அவளுக்கு வரும் பணத்தையெல்லாம் பிரிவே வைத்துக்கொள்ளும் என்றார்.

"பணம் உங்க கையில இருந்தாதானே பென் யாராவது திருடுவாங்க? எங்ககிட்ட இருந்தா ஒருத்தன் தொட முடியாது."

"நானும் தொட முடியாதா?"

"நீங்களும்தான். அதைத்தான் முழுப் பாதுகாப்புன்னு சொல்றோம்."

அதோடு, ஒவ்வொரு ஜாடியையும் நிரப்புவதைப் படம் பிடித்து வைக்கும்படியும் சொன்னார். அவள் நிரப்பினாள், கிரீட்பாய் படம் பிடித்தார். முதல் படத்தில் அவருடைய கட்டைவிரல் மட்டும் நன்றாக விழுந்திருந்தது. இரண்டாவது படத்தைப் பிரிவு பார்த்துவிட்டு, ஜாடிக்குள் சுந்தோ போவது தெரிகிறது, அது திரும்ப வெளியே வராதது தெரியவில்லை என்று எழுதியது. ஆகவே கூரியர்காரர் வரும்வரை மூடிய ஜாடியைப் படம் பிடிக்க வேண்டியதாயிற்று. கிரீட்பாய் வாசலில் நாற்காலி போட்டு மத்தியானம் முழுக்க ஒரு ஜாடியின் எதிரே உட்கார்ந்திருந்தார். தெருவில் போனவர்கள் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு பசு வந்து ஜாடியை முகர்ந்துவிட்டுப் போனது. படத்தில் வரும் மூன்றாம் நபரின் சம்மதம் இணைக்கப்படவில்லை என்று பிரிவு அந்தப் படத்தையும் திருப்பி அனுப்பியது.

"மாட்டுக்கிட்ட கையெழுத்து வாங்கறதா, கைநாட்டு வாங்கறதா?" என்று கிரீட்பாய் கேட்டார். தருலதாபென் சிரிக்கவில்லை. மாங்காய்ப் பருவம் தொடங்கியிருந்தது. மொட்டை மாடியில் அடுப்பங்கரைப் பாத்திரங்கள் எல்லாம் வாயில் துணி கட்டிக்கொண்டு நின்றன. மூன்றாவது புள்ளி விழுந்தால் அத்தனையையும் அவர்கள் இருவருமே தின்ன வேண்டும்.

அந்த நேரத்தில்தான் சுபத்ராபென்னின் புகார் வந்தது. பிறகு சர்க்கரை வந்தது.

தருலதாபென் சர்க்கரையைப் படம் எடுத்துப் பிரிவுக்கு அனுப்பினாள். நிரம்பி வந்த ஜாடிக்குத்தான் சர்க்கரை போடுவார்கள், ஆகவே ஜாடி நிரம்பித்தான் போயிருக்கிறது என்று எழுதினாள். உடனே பதில் வந்தது. வாழ்த்துகள், உங்கள் கூற்றுப்படி காலி ஜாடி அனுப்பிச் சர்க்கரை பெற்றிருக்கிறீர்கள், என்றிருந்தது. அவள் அப்படிக் கூறவில்லை. கீழே இன்னும் இரண்டு வரி. சர்க்கரை உங்கள் வியாபாரப் பட்டியலில் இல்லை. விளக்கம் தர அகமதாபாத் அலுவலகத்துக்கு நேரில் வரவும். நிரம்பிய ஜாடி எப்படி இருக்கும் என்று பிரிவு அறிந்துகொள்வதற்காக, நிரம்பிய ஜாடி ஒன்றையும் கொண்டுவரவும்.

இரண்டு ஜாடிகளையும் துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் காலை ரயிலில் போனார்கள்.

அலுவலகம் கண்ணாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் இருந்தது. வாசலில் ஒரு பெண் அவர்கள் மணிக்கட்டில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கயிறு கட்டினாள். காப்புக் கயிறு. அதற்கான தொகை, பிரிவு காத்துவைத்திருந்த அவர்களுடைய பணத்திலிருந்து கழிக்கப்பட்டது. சுவரில் பெரிய எழுத்தில், விற்பவரே எங்கள் தெய்வம், என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கவும், என்றிருந்தது. கைப்பேசிகளை வாங்கி ஒரு கூடையில் போட்டார்கள். நிரம்பிய ஜாடியைச் சாட்சிப் பொருள் என்று சொல்லி வாங்கி, 'ஜாடி ஒன்று' என்று எழுதிக்கொண்டார்கள்.

"உள்ள சுந்தோ இருக்குன்னும் எழுதிக்குங்க" என்றாள் தருலதாபென்.

"உள்ள இருக்கறத விசாரணைல முடிவு பண்ணுவாங்க" என்றார் எழுதியவர்.

வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு செங்கல் வைத்திருந்தார். சூரத்காரர். புடவை அனுப்பியிருந்தார், செங்கல் திரும்பி வந்தது. செங்கல்லில் கீறல் இல்லாததால், பொருள் நல்ல நிலையில் திரும்பியது என்று பிரிவு ஏற்றுக்கொண்டிருந்தது.

"எங்களுக்குச் சர்க்கரை வந்துச்சு" என்று கிரீட்பாய் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"குடுத்துவச்சவங்க பாய் நீங்க. நான் இன்னும் நாலு கட்டு புடவை அனுப்பினா ஒரு கழிப்பறை கட்டிடலாம்."

டீ கொடுத்துக்கொண்டிருந்த ஜசோதாபென் அதைக் கேட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த மாடியில் அன்று காலை சிரித்தது அவள் ஒருத்திதான்.

விசாரணைக்கு முன்னால் தலால் எல்லோருக்கும் சேர்த்து ஓர் உரை ஆற்றினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பணிவான முகம். நின்றுகொண்டே பேசினார்.

"நான் இந்த நாற்காலிக்கு வந்தப்ப தகராறு மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. இன்னிக்கு ஒண்ணுகூட நிலுவை இல்ல. எப்படின்னு எல்லாரும் கேக்கறாங்க. ரொம்ப சுலபம். புகார் வந்த அன்னிக்கே வாங்கினவங்க பக்கம் தீர்ப்பு. தகராறு இழுத்துக்கிட்டே போனா யாருக்கு மன உளைச்சல்? உங்களுக்குத்தான். ஜெயிப்போமா ஜெயிப்போமான்னு தூக்கம் வராது. தோத்தாச்சுன்னு தெரிஞ்சா நிம்மதியா படுக்கலாம். அந்த நிம்மதியத்தான் நாங்க உங்களுக்குக் குடுக்கறோம். அதுக்கு நாங்க தனியா காசு வாங்கறதில்ல. கயித்துக்கு மட்டும்தான்."

ஓரத்தில் நின்ற ஊழியர் ஒருவர் சைகையாகக் கையை உயர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். செங்கல்காரரும் செங்கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

தருலதாபென்னின் முறை சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தலாலும் அவருடைய ஆட்களும். சுவரில் பெரிய திரை. திரையில் வடோதராவிலிருந்து சுபத்ராபென் அமீன் தெரிந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, நல்ல பருத்திப் புடவை, பின்னால் ஊஞ்சல். யாரோடும் சண்டை போடாத முகம். அவள் முதலில் தருலதாபென்னுக்கு வணக்கம் சொன்னாள். வெயில் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

தலால் புகாரைப் படித்தார். ஜாடி காலியாக வந்ததா என்று கேட்டார்.

"சுத்தக் காலி" என்றாள் சுபத்ராபென்.

தருலதாபென் திரும்பி வந்த ஜாடியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். பேச அனுமதி கேட்டாள். கேள்வியைத் தலாலைப் பார்த்துக் கேட்கும்படி சொன்னார்கள். அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்தச் சர்க்கரைய ஏன் போட்டீங்க?"

சுபத்ராபென் அந்தக் கேள்விக்கே வருத்தப்பட்டாள்.

"இது என்ன கேள்வி பென்? நீங்க அத்தனை ருசியா செஞ்சு அனுப்பியிருக்கீங்க, நான் ஜாடிய வெறுமையாவா திருப்பி அனுப்புவேன்? என் மாமியார் காலத்துலேர்ந்து எங்க வீட்ல அந்தப் பழக்கம் கிடையாது."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் குஜராத்திகள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சர்க்கரை டப்பா இருந்தது. ஒருவர் பேனாவைப் பார்த்தார். ஒருவர் சன்னலைப் பார்த்தார். திரையில் சுபத்ராபென்னின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பிறகு அவளுடைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவளே துண்டித்தாள்.

"ஒத்துக்கிட்டாங்களே சாயேப்" என்றார் கிரீட்பாய்.

தலால் கணினியைப் பார்த்தார். எழுந்து வந்து பக்கத்து ஆளின் கணினியையும் பார்த்தார்.

"எனக்குப் புரியுது பாய். மனுஷனா எனக்கு நல்லாவே புரியுது. ஆனா இதுல பொருள் வந்துச்சா, வரலையா, உடைஞ்சு வந்துச்சான்னு மூணுதான் இருக்கு. சர்க்கரைன்னு ஒண்ணு இல்ல."

மாதிரி ஜாடியைப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்வதாகவும், அதற்குமுன் பிரிவு சாப்பிடப் போவதாகவும் அறிவித்தார்கள்.

தருலதாபென்னும் கிரீட்பாயும் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த தேப்லா ரொட்டியைத் தின்றார்கள். தொட்டுக்கொள்ளச் சுந்தோ இல்லை. அது சாட்சியாக உள்ளே இருந்தது. கதவுக்கு அப்பால் டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. யாரோ, இந்தப் பக்கம் தள்ளு, என்றார்கள். யாரோ, அடியில இன்னும் இருக்கு, என்றார்கள்.

"விசாரணை நல்லாதான் போகுது போல" என்றார் கிரீட்பாய்.

கூப்பிட்டபோது உள்ளே போனார்கள். மேசைமேல் இரண்டு ஜாடி இருந்தது. ஒன்று வடோதராவிலிருந்து வந்தது. மற்றது காலையில் அவள் நிரப்பிக் கொண்டுவந்தது. அது இப்போது கழுவித் துடைத்து, வெளிச்சம் ஊடுருவ நின்றது. அதற்குள்ளும் ஒரு கைப்பிடி சர்க்கரை.

தருலதாபென் இரண்டு ஜாடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலாலைப் பார்த்தாள். அவருடைய வெள்ளைக் கைமடிப்பில் மஞ்சளாக எண்ணெய்க் கறை இருந்தது.

தலால் தீர்ப்பைப் படித்தார். வாங்கியவர் திருப்பிய ஜாடியில் சர்க்கரை காணப்படுகிறது. விற்பவர் தானே கொண்டுவந்த மாதிரி ஜாடியிலும் சர்க்கரையே காணப்படுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே விற்பவர் சர்க்கரையைச் சுந்தோ என்ற பெயரில் விற்றுவருகிறார். சென்னை வாடிக்கையாளர் இனிக்கிறது என்று சொன்னதும் இதை உறுதி செய்கிறது.

"சாயேப், நான் கொண்டுவந்த ஜாடி நிரம்பி இருந்துச்சு" என்றாள் அவள்.

"ஜாடி ஒன்றுன்னுதான் எழுதியிருக்கு பென்."

"நீங்கதானே தின்னீங்க."

யாரும் மறுக்கவில்லை. யாரும் அதை எழுதிக்கொள்ளவும் இல்லை.

கதவருகில் டீத் தட்டோடு நின்ற ஜசோதாபென் முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சாயேப், கழுவினது நான். சர்க்கரை நான் போட்டது. அந்தம்மாவோட ஜாடிய வெறுமையா எப்படிக் குடுக்கறதுன்னு டீ டப்பாவுலேர்ந்து..."

சாட்சி சொல்வதாக இருந்தால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும் என்று தலால் மென்மையாகச் சொன்னார். அலுவலகச் சர்க்கரையை வெளியாருக்குக் கொடுத்தது பற்றி அவளிடம் தனியாக விளக்கம் கேட்கப்படும் என்றும் சொன்னார்.

மூன்றாவது புள்ளி விழுந்தது. காத்துவைத்த பணம் என்ன ஆகும் என்று கிரீட்பாய் கேட்டார். கடையே இல்லாததால் இனி அதற்கு எந்த ஆபத்தும் இல்லை, அது நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும் என்றார் தலால். வாசலில் கயிற்றை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்தவருக்குக் கட்டவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடியாத்தில் வாசல் மணி அடித்தது. ஜசோதாபென் கையில் டப்பாவோடு நின்றாள். அன்று மிஞ்சியதை விரலால் வழித்து நக்கியதாகவும், அதற்குப் பிறகு வீட்டில் செய்யும் சுந்தோ தொண்டையில் இறங்கவில்லை என்றும் சொன்னாள். விளக்கம் கேட்டார்களா என்று தருலதாபென் கேட்டாள். கேட்டார்கள், பழக்கம் என்று எழுதிக்கொடுத்தேன், சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்றாள். தருலதாபென் டப்பாவை நிரப்பிக் கொடுத்தாள். அதற்கு அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து இன்னும் இருவர் வந்தார்கள். செங்கல்காரர் சூரத்திலிருந்து வந்தார். அவரும் கல்யாணத்துக்கு என்றுதான் கேட்டார், ஆனால் இது உண்மையான கல்யாணம். தருலதாபென் வாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டாள். சொந்தப் பாத்திரம் கொண்டுவரவும். ருசி பார்க்கவும். காசு கொடுத்துவிட்டு எடுத்துப்போகவும். மொட்டை மாடியில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் துணியை அவிழ்த்தன.

மழைக்கு முந்தைய வாரம் தலால் வந்தார். அடையாள அட்டை இல்லாமல் ஆள் சிறியவராகத் தெரிந்தார். கையில் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் டப்பா. பழையதை மனதில் வைக்கக்கூடாது என்றார். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சுந்தோவின் நினைப்பாகவே இருக்கிறது என்றார்.

தருலதாபென் அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். டப்பாவை விளிம்புவரை நிரப்பினாள். கிரீட்பாய் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலால் கைப்பேசியை எடுத்து ஏதோ அழுத்தினார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"போயிடுச்சு பென்."

பச்சை நிறத்தில் சரி என்ற குறி இருந்தது. அலமாரியில் இருந்த, பணம் வந்தால் சொல்லும் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.

"பெட்டி பேசலையே" என்றார் கிரீட்பாய்.

"லைன் மெதுவா இருக்கும் பாய். படத்தப் பாருங்க. தெளிவா இருக்கு, எழுத்துப்பிழை இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. காது சிவந்தது.

தருலதாபென் படத்தை நன்றாகப் பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு டப்பாவை எடுத்து, சுந்தோவை ஒரு துளி சிந்தாமல் திரும்பப் பானைக்குள் ஊற்றினாள்.

"உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல, தலால்பாய். ரயில்ல கூட்டம் இருக்கும். காலம் கெட்டுக் கிடக்கு. சுந்தோ உங்க கையில இருந்தாதானே யாராவது திருடுவாங்க? என்கிட்டயே இருக்கட்டும். ஒருத்தன் தொட முடியாது."

சொல்ல வேண்டியதையெல்லாம் தலால் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அவள் டப்பாவைக் குழாயடியில் கழுவினாள். முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு பிடி சர்க்கரை எடுத்துப் போட்டு, மூடி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வெறுமையா அனுப்பற பழக்கம் எங்க வீட்லயும் கிடையாது."

அவர் வாங்கிக்கொண்டு படியிறங்கினார். டப்பாவுக்குள் சர்க்கரை சலசலப்பது தெருமுனை வரை கேட்டது.

மூலையில் கிரீட்பாய் கைப்பேசியைத் தாழ்த்தினார். தலால் வாசலில் கால் வைத்ததிலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த முறை கட்டைவிரல் குறுக்கே வரவில்லை.